தட்டின் இரண்டாம் பக்கம்

அந்தப் பாட்டுத் தட்டின் இரண்டாம் பக்கத்தை முழுதாகக் கேட்க ரொம்ப நாள் யாரும் என்னை விடவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வயதானால் கோபம் தணிந்துவிடும் என்கிறார்கள். யாருக்குத் தணிந்ததோ தெரியவில்லை.

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கொட்டகை, திருச்சுழிப் பக்கம் கரிமூட்டம், பந்தல்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடை, அப்புறம் லாரி. எந்த வேலையிலும் நான் நிலைத்ததில்லை. பாதி இடத்தில் விரட்டினார்கள், பாதி இடத்தில் நானே கிளம்பினேன். சோறு கிடைத்த நாளில் தின்றேன், கிடைக்காத நாளில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சீமையில் பாதிச் சனம் அப்படித்தான் இருந்தது.

தட்டு கிடைத்தது லாரியில் கிளீனராக இருந்த நாளில். எழுபதுகளின் முற்பாதி. தூத்துக்குடியிலிருந்து பழைய காகிதமும் தகரமும் லோடு ஏற்றி வந்தோம். எல்லாம் கப்பலில் கழித்துப் போட்ட சாமான். பந்தல்குடி தாண்டிக் கயிற்றை இறுக்க நிறுத்தியபோது, ஒரு காகிதக் கட்டுக்குள்ளிருந்து பெரிய சதுர அட்டை ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. உருவினேன். அட்டையின் மேல் ஒரு படம். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் தரை, அதன் நடுவில் ஒற்றைக் கதவு. வீடு இல்லை, சுவர் இல்லை, நிலையும் கதவும் மட்டும் நிற்கின்றன. கோடையில் எங்கள் கண்மாய்ப் படுகை அப்படித்தான் கிடக்கும். எந்தத் தேசத்தானோ எங்கள் கண்மாயை வரைந்திருக்கிறானே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "என்னலே அது? வீட்டத் தூக்கிட்டுப் போயிட்டுக் கதவ மட்டும் விட்டுட்டுப் போயிருக்கான். லோனு குடுத்தவனா இருப்பான்."

உள்ளே கறுப்புத் தட்டு. சினிமாப் பாட்டுத் தட்டை விடப் பெரிது. "நல்லாத்தான் இருக்கு. சோறு வச்சுத் தின்னுலே" என்றார் அவர். அட்டையில் இங்கிலீஷில் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். ஆனால் கருவேல முள்ளை அடுக்கி வைத்ததுபோல் எழுதியிருந்தார்கள். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கோஷ்டியின் பெயர் எனக்குத் தெரியாது.

தட்டு கையில் இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்க இடமில்லை. சில மாதம் துணிப் பைக்குள் அதைச் சுமந்துகொண்டு அலைந்தேன். கடைசியில் லாரியை விட்டுவிட்டு, திருச்சுழியில் மைக் செட்டு வாடகைக்கு விடும் அண்ணாச்சி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் ரிக்கார்டு பிளேயர் இருந்தது. சேர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. நேரத்துக்குச் சோறு போடுவார். தட்டைக் காட்டியதும் வாங்கி, எந்த வேகம் என்று பாராமல் வைத்து முடுக்கினார். பூனைகள் சண்டை போட்டன.

"இதுக்கா லாரிய விட்டுட்டு வந்த?" என்றார்.

"வேகம் மாத்தணும் அண்ணாச்சி. பெரிய தட்டு, மெதுவா ஓடணும்."

வேகத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், கொட்டகை அதிர்ந்தது.

அதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். விசைத்தறிக் கொட்டகையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு சத்தம் எலும்பில் ஊறியிருக்கும். எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது வரும் சத்தம். அந்தத் தட்டின் கிட்டார்கள் அப்படி ஓடின. ஆனால் தறி நொண்டாது, இது நொண்டியது. ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு, எட்டாவதற்கு இடம் கொடுக்காமல் மறுபடி ஒன்றில் போய் விழுந்தது. முதலில் மேளக்காரன் தப்பாக அடிக்கிறான் என்றே நினைத்தேன். விரலால் எண்ணிப் பார்த்தேன். தப்பே இல்லை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், வேண்டுமென்றேதான் காலை இடறிவிடுகிறான். அதற்கு மேல் ஆர்மோனியம்போல் ஒன்று, மாதா கோயில் அளவுக்குப் பெரிய ஆர்மோனியம், நீளமாக இழுத்துக்கொண்டே நின்றது. அதையெல்லாம் கிழித்துக்கொண்டு ஒருவன் கத்தினான்.

அவன் யாரைத் திட்டுகிறான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திட்டுகிறான். அது புரிவதற்கு இங்கிலீஷ் வேண்டாம். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் நான் ஒரு ஆளைப் பிடித்து அவன் முன்னால் நிறுத்தினேன். செருப்பில்லாமல் வந்ததற்காக வெயிலில் முட்டிபோட வைத்த வாத்தியார். தறிக் கொட்டகையில் என் விரல் நசுங்கியபோது, துணியில் ரத்தம் பட்டுவிட்டதே என்று வருத்தப்பட்ட மேஸ்திரி. அவன் எல்லாரையும் திட்டினான். என்னால் திட்ட முடியாத ஆளையெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் எனக்காகத் திட்டினான்.

முதல் பக்கத்தில் நாலைந்து பாட்டு. துண்டு துண்டாக அதைக் கேட்டு முடித்துவிட்டேன். துண்டு துண்டாக என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில், சும்மா உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது. பீடி குடிக்கலாம். சீட்டாடலாம். வேப்பமரத்தடியில் குப்புறப் படுத்துத் தூங்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். பாட்டுக் கேட்டால் மட்டும், "சும்மாதான இருக்க, அந்த பேட்டரியத் தூக்கி வையி", "சும்மாதான இருக்க, கடைக்குப் போயிட்டு வா." இத்தனைக்கும் நாங்கள் பாட்டுப் போட்டுப் பிழைக்கிறவர்கள். ஊர் ஊராகப் போய்ப் பனை உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை நாலு ஊருக்குக் கேட்கப் பாட்டுப் போடுகிறோம். அதில் ஒரு பாட்டையாவது ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருப்பார்களா? கிடையாது. இன்னார் வீட்டில் விசேஷம் என்று பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரிய வேண்டும். பாட்டுக்கு அதுதான் வேலை.

இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பாட்டைப் பிரிக்கிற கோடே நடுவில் இல்லை. இருபது நிமிஷத்துக்குக் குறையாது என்று நினைக்கிறேன். பாதி வழி வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். முதலில் கத்துகிறவன், அப்புறம் கிட்டார், அப்புறம் மேளம். கடைசியில் அந்தப் பெரிய ஆர்மோனியம் மட்டும், தூரத்துக் காற்றுப்போல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடக்கும்.

அந்த இடம் வந்ததும் அண்ணாச்சி ஊசியை எடுத்துவிடுவார்.

"முடிஞ்சு போச்சுலே. ஊசி தேயுது."

"முடியல அண்ணாச்சி. இன்னும் இருக்கு."

"சத்தமே காணோம். இன்னும் என்னத்தக் கெடக்கு?"

எங்கள் தொழிலில் ஊசியை வெறும் தட்டில் ஓடவிடக் கூடாது. பாட்டு முடிந்த மறு மூச்சில் கை போய் அதை எடுத்தாக வேண்டும். அது அவர் கையில் ஊறிப்போன பழக்கம். வெளியில் நின்றாலும் சத்தம் அடங்கியது தெரிந்ததும் ஓடி வந்துவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆனால் பாட்டு முடியவில்லை என்று எனக்குத் தெரியும். தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சத்தம் அதிகமான இடத்தில் வரிகள் சொரசொரவென்று மங்கலாக இருக்கும். அடங்கிய இடத்தில் வழுவழுவென்று மினுங்கும். அந்த மினுங்கும் பட்டைக்கு உட்பக்கம், நடுவில் ஒட்டிய காகிதத்தை ஒட்டி, இன்னொரு சொரசொரப்பான பட்டை இருந்தது. தட்டிலேயே ரொம்ப மங்கலான பட்டை அதுதான். அங்கே ஏதோ பெரிதாக நடக்கிறது. கண்ணால் பார்க்கிறேன், காதால் கேட்க முடியவில்லை. எனக்கு அந்த வருஷம் வேறு ஆசையே இல்லை. அந்தப் பட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

நரிக்குடி போகிற வழியில் ஒரு ஊரில் காதுகுத்து. பெரிய சம்சாரி வீடு, நிலபுலன் உள்ளவர். மகளுக்குக் காது குத்துகிறார். அண்ணாச்சி வேறொரு கோயில் கொடைக்குப் போய்விட்டதால் செட்டோடு நான் மட்டும் வந்திருந்தேன். ஊரில் கரண்டு இல்லை, பேட்டரிதான். வழக்கம்போல் பிள்ளையார் பாட்டில் ஆரம்பித்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியபோது வீட்டுக்காரர் புது வேட்டியில் என்னிடம் வந்தார்.

"ஏலே, உன்கிட்ட இங்கிலீசு ரிக்கார்டு இருக்காம்ல?"

"இருக்குங்கய்யா."

"மேலத்தெருவுல போன மாசம் அவுக கல்யாணத்துக்கு இந்திப் பாட்டுப் போட்டாகளாம். ஊரே அதப் பேசுது. நம்ம வீட்டுல இங்கிலீசு ஓடணும். எம் மச்சான் சீரு கொண்டுக்கிட்டு ஊருக்குள்ள வாரப்ப அதத்தான் போடுற."

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. காது குத்தும் பிள்ளைக்குத் தாய்மாமன். அவர் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாய்மாமன் வீட்டார் கொட்டுமேளத்தோடு வருவார்கள். ஊர் எல்லையில் அவர்கள் மேளத்தை நிறுத்திக்கொள்வார்கள். அங்கிருந்து வீட்டு வாசல் வரைக்கும், அழைத்தவர் வீட்டுக் குழாய்ப் பாட்டுத்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. விசேஷ வீட்டுக் குழாயைப் பாதியில் நிறுத்துவது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்தத் தெரு வழியாகப் பிணம் போனால் நிறுத்துவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன். "ஐயா, இது ஒரே பாட்டு. ரொம்ப நீளம். நடுவுல சத்தம் அடங்கிரும். அப்ப முடிஞ்சிருச்சுன்னு பதறக்கூடாது. முதல் பக்கத்தப் போடுறேன், அதுல அப்படி இல்ல."

"எது நீளம்?"

"ரெண்டாம் பக்கம்."

"நீளமானதப் போடு. மேலத்தெருக்காரன் காது கிழியட்டும்."

"நடுவுல அடங்கும்யா."

"அடங்குனா அடங்கட்டும்லே. எனக்குத் தெரியாதா இங்கிலீசுப் பாட்டு? பெருசாச் சொல்ல வந்துட்டான்."

ஊர் எல்லையில் கொட்டுச் சத்தம் நின்றது. வீட்டுக்காரர் கையை ஆட்டினார். வைத்தேன்.

பனை உச்சியில் கட்டிய குழாயில் அந்தப் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டால், அந்தப் பாட்டு வீட்டுக்குள் கேட்பதற்கே இல்லை. அந்த வெட்டவெளிக்கு உண்டாக்கியது. பந்தியில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "யாரடா இந்த அடி அடிக்கிறாக, பாவம்" என்றார். வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

சீர்க்காரர்கள் வேகமாக வந்திருக்கலாம். வரவில்லை. வழியில் ஒரு அத்தை வீட்டில் மோர் கொடுத்தார்களாம், நின்று குடித்தார்களாம். அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது பாட்டில் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். கத்துகிறவன் போனான். கிட்டார் போனது. மேளம் போனது. பெரிய ஆர்மோனியத்தின் அந்த மெல்லிய இழை குழாயில் ஏறவே இல்லை. தெரு முழுக்க நிசப்தம்.

தாய்மாமன் நின்றுவிட்டார். பின்னால் தாம்பாளம் தூக்கி வந்த பெண்களும் நின்றார்கள்.

"என்ன மச்சான்," என்றார் அங்கிருந்தே. குரலை உயர்த்தவில்லை. "இங்க பொணமா வருது? கொழாய நிறுத்திட்டீக."

"ஐயய்யோ, அப்படியில்ல மாப்ள, வாங்க, வாங்க."

"நான் உசுரோடதான் வந்திருக்கேன். நல்லாப் பாத்துக்கங்க."

பின்னாலிருந்து ஒரு பெண், "உள்ள போறமா, திரும்புறமா? எதுனாலும் சீக்கிரம் சொல்லுங்க, கை கடுக்குது" என்றாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் கெடுத்தது.

வீட்டுக்காரர் என்னிடம் ஓடி வந்தார். "போடுலே பாட்ட!"

"ஓடுதுய்யா. இந்தா வந்துரும். சொன்னேன்ல."

"வேற போடு!"

எடுத்திருக்கலாம். சினிமாப் பாட்டு ஒன்றை மாற்றியிருந்தால் அந்த நொடியில் எல்லாம் சரியாகியிருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் ஊசி அந்த மினுங்கும் பட்டையின் கடைசி வரிகளில் இருந்தது. என் கண்ணால் பார்க்கிறேன். இத்தனை நாளில் இவ்வளவு தூரம் அது வந்ததே இல்லை. இரண்டு கையையும் பிளேயரைச் சுற்றி வளைத்துக்கொண்டு குனிந்துகொண்டேன்.

முதல் அடி பிடரியில் விழுந்தது. அடுத்தது முதுகில். மூன்றாவது விழுவதற்குள் வந்துவிட்டது. எல்லாரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள். அதை எப்படிச் சொல்வது, கண்மாய்க் கரை உடைந்ததுபோல் வந்தது. மேளம் ஏழு எண்ணி விழுந்தது. அவர் அடித்த அடி ஒன்றும் தாளத்தில் விழவில்லை. நாலைந்து மூச்சு அதைக் கேட்டிருப்பேன். கூட ஒருவன் வந்து என் கைக்குள் கையை விட்டு ஊசிக் கையைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தான். கர்ரென்று குழாய் கிழிந்தது. அதுவும் நாலு ஊருக்குக் கேட்டிருக்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அடித்ததை விடுங்கள். அடி வாங்காத வேலை எது? வீட்டுக்காரர் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னார். "நான் நல்ல பாட்டாப் போடச் சொன்னேன் மாப்ள. இந்தப் பய திமிரு புடிச்சு எதையோ போட்டுருக்கான். யாரு வாராகன்னு தெரிய வேண்டாம்?" இங்கிலீஷ் ஓட வேண்டும் என்று அவர் சொன்னதைப் பத்துப் பேராவது கேட்டிருந்தார்கள். சமையல்காரர் கேட்டார், பந்தல்காரர் கேட்டார். ஒருவர் வாய் திறக்கவில்லை. மறுநாள் அண்ணாச்சி அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி கேட்டீக? அவருதான போடச் சொன்னாரு."

"சொன்னா? நமக்குப் புத்தி வேண்டாமா? அவுக நாலு விசேஷம் வைக்கிற வீடு." அப்புறம், "நீ கெளம்பு. வேற எங்கயாச்சும் பாரு" என்றார்.

கிளம்பினேன். தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஊசி இழுத்த இடத்திலிருந்து விளிம்பு வரை ஒரு கீறல். கேட்டுச் சலித்த பாகம் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டியிருந்தது. இழுத்தது வெளிப்பக்கமாக என்பதால் உட்பக்கம், நான் கேட்காத பட்டை, கிட்டத்தட்ட முழுதாக, ஒரு கோடு விழாமல் இருந்தது.

மறுபடியும் லாரி. ஒன்றிரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அருப்புக்கோட்டையில் லோடு இறக்க நேரமானது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஒருவர் ரிக்கார்டு பிளேயரைப் பிரித்துப் போட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பைக்குள்ளிருந்து அட்டை எட்டிப் பார்ப்பதைக் கண்டார்.

"பெரிய தட்டா? குடுங்க. மோட்டார் வேகம் சரியா இருக்கான்னு பாக்கணும், என்கிட்ட எல்லாம் சின்னத் தட்டு."

"கீறல் கெடக்கு."

"கீறல் இருந்தா இன்னும் நல்லது."

ஏனென்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. இரண்டாம் பக்கத்தை வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் கீறல் ஒரு தடவை டக்கென்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டக்குகளை எண்ணினார். பாட்டு அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பாட்டு ஏறியது, கழன்றது, அடங்கியது. அடங்கிய இடத்திலும் டக், டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் முடிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. கையைக் கொண்டு வரவில்லை. என்னை அடித்து உண்டான கீறல் என் பாட்டைக் காப்பாற்றுகிறதே என்று சந்தோஷப்பட வேண்டுமாம். நான் படவில்லை. கீறல் இல்லாமலே அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருந்தது.

"மோட்டார் சரியா இருக்கு. போதும்" என்று கையை நீட்டினார்.

"சூடேறினா வேகம் மாறும்ல? இன்னொருக்கா எண்ணிப் பாருங்க" என்றேன். மோட்டாரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

"அதுவும் சரிதான்" என்று மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். டக், டக், டக். பிறகு, டக் நிற்கக் கொஞ்சம் முன்னால், கரை உடைந்தது.

அன்றைக்குத்தான் கேட்டேன். முன்பு அவன் கத்திய அதே வரிகளை இப்போது கத்தாமல் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொன்னான். அது கத்தியதை விடப் பயமாக இருந்தது. கிட்டார்கள் அவன் குரலுக்குப் பின்னால் ஏறிக்கொண்டே வந்தன. மேளம் ஏழு எண்ணியது. மறுபடி ஏழு. ஆறு வரை வந்தது, சட்டென்று அறுந்தது.

"ஏன்யா எடுத்த?" என்று கத்திவிட்டேன். எழுந்தே நின்றுவிட்டேன்.

அவர் மிரண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "நான் எங்க தொட்டேன்? ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, நீங்களே பாருங்க."

ஊசி காகிதத்தை ஒட்டிய வெறும் வரியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்களேதான் அப்படி அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சமாதானம் சொல்லவில்லை, இழுத்து மூடவில்லை. ஏழாவது அடியை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்தேன்.

"எடுத்துரவா? ஊசி தேயும்" என்றார்.

"கொஞ்சம் ஓடட்டும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த ரேடியோவைத் திறந்தார். அப்போது கடை வாசலில் ஒரு மூட்டையை இறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்த ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, சும்மாதான இருக்க. வந்து ஒரு கை புடி."

"சும்மா இல்ல," என்றேன், "பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"பாட்டா? ஒண்ணும் கேக்கலயே."

நான் எழுந்திருக்கவில்லை.